கொல்லையில் கோழியும் வாத்தும்

நம் நாட்டுக் கிராமங்களில் கோழியில்லாத கொல்லை அரிது. ஏழைக் குடும்பத்துத் தாய்க்குக் கொல்லைக்கோழியே அவசரத்திற்கு உதவும் கைம்முதல். முட்டை விற்ற காசு பிள்ளையின் புத்தகமாகும். சேவல் விற்ற காசு நோயாளியின் மருந்தாகும். ஏரியோ குளமோ வாய்க்காலோ அருகிருக்கும் ஊர்களில் வாத்தும் உடன் வளர்வதுண்டு. "இரண்டும் இறகுள்ளவை, இரண்டும் முட்டையிடுபவை, ஆகவே இரண்டையும் ஒரே கூட்டில் அடைத்து, ஒரே தட்டில் தீனியிட்டு வளர்த்தால் என்ன?" என்று எண்ணுவோர் பலர். யாமும் ஒருகாலத்தில் அங்ஙனமே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பாதி மெய், பாதி பொய் என்பதைச் சில இளம் உயிர்களை இழந்த பின்னரே அறிந்தோம். பிறரும் அவ்வாறு இழந்து அறிதல் வேண்டா என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டிய காரணமாகும்.

நடந்தது இது. அடைக்கோழி ஒன்றின்கீழ் வாத்து முட்டைகளை வைத்து ஏழு குஞ்சுகள் பெற்றோம். அரிசி நொய்யும் சோறுமே அவற்றிற்குத் தீனி. அக்காலத்தில் வேறொரு கோழியின் குஞ்சுகளும் கொல்லையில் இருந்தன. அவற்றிற்கும் அதுவே தீனி. இரண்டு வாரங்கள் எல்லாம் நலமாகவே தோன்றின. மூன்றாம் வாரத்தில் வாத்துக்குஞ்சு ஒன்று நடக்கையில் தள்ளாடிற்று. பின்னர் மற்றவையும் அவ்வாறே தள்ளாடின. கால் மூட்டுகள் வீங்கின. கால்கள் வில்லைப்போல் வளைந்தன. முடிவில் நான்கு குஞ்சுகள் எழுந்து நிற்கவும் மாட்டாமல், மார்பால் தரையில் ஊர்ந்து தீனித் தட்டை நாடின. கோழிக்குஞ்சுகளோ குப்பைமேட்டில் துள்ளித் திரிந்தன. தொற்றுநோயென்று அஞ்சிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். அவர் பார்த்துவிட்டு, "இவற்றிற்கு நோய் இல்லை, பசி. வயிறு நிறைந்திருந்தும் பசி" என்றார். அவர் கூறிய முறைப்படி உணவை மாற்றியபின் அந்நான்கில் இரண்டு தேறின, இரண்டு மாண்டன.

அன்று முதல் யாம் கற்றதைச் சுருங்கக் கூறின் இதுவே: கோழியும் வாத்தும் ஒரே கொல்லையில் நலமாக வாழும், ஆயினும் தீனி, தண்ணீர், படுக்கை, ஆண்பறவை, நோய்க்காவல் என்னும் ஐந்திலும் ஒவ்வொன்றையும் அதனதன் இயல்பறிந்து நடத்துதல் வேண்டும். இனி அவற்றை முறையே விளக்குவோம்.

இரண்டன் இயல்பு

கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி. தென்னாசிய, தென்கிழக்காசியக் காடுகளில் அஃது இன்றும் வாழ்கின்றது. புதர்களின் அடியில் உலர்ந்த சருகைக் கிளறி விதையும் பூச்சியும் உண்பதும், புழுதியில் புரண்டு உடலைத் தூய்மை செய்வதும், அந்தி சாய்ந்ததும் மரக்கிளையேறி உறங்குவதும் அதன் வழக்கம். நம் தென்னாட்டு மலைகளில் வாழும் சாம்பற் காட்டுக்கோழியின் வழியும் வீட்டுக்கோழியில் சிறிது கலந்துள்ளது. கோழிகள் பலவற்றின் மஞ்சள் நிறத் தோல் அவ்வழியே வந்தது என்பதை 2008-ஆம் ஆண்டில் மரபணு ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர்.

வாத்தின் மூதாதை மல்லார்டு என்னும் காட்டுவாத்து. அது வடபுலத்து ஏரிகளிலும் சதுப்பு நிலங்களிலும் வாழ்வது. சேற்றை அலகால் அளைந்து நத்தையும் புழுவும் நீர்ப்பூண்டும் தேடி உண்பது. தரையிலோ நீர்மேலோ உறங்குவது. தென்னமெரிக்காவைப் பிறப்பிடமாகக் கொண்ட மஸ்கோவி என்னும் ஓரினம் ஒழிய, உலகின் வீட்டு வாத்துகளெல்லாம் இம்மல்லார்டின் வழித்தோன்றல்களே. மிகுதியாக முட்டையிடுவதில் பேர்பெற்ற காக்கி காம்பெல் இங்கிலாந்தில் உருவானது. பெயரளவில் இந்தியாவைச் சேர்ந்ததாகத் தோன்றும் இந்திய ரன்னரின் தாயகம் உண்மையில் இந்தோனேசியத் தீவுகளே. தமிழ்நாட்டில் நெல் அறுத்த வயல்களில் மந்தையாக மேயும் நாட்டு வாத்துகளுள் சந்நியாசி, கீரி என்னும் இருவகைகள் உண்டு.

ஒன்று காட்டின் பிள்ளை. மற்றொன்று நீரின் பிள்ளை. பின்வரும் வேற்றுமைகள் பெரும்பாலும் இதனின்றே பிறப்பன.

அடை வைத்தல்

வாத்துகளில் பல, குறிப்பாகக் காக்கி காம்பெல் போன்றவை, முட்டையிடுவதில் காட்டும் ஊக்கத்தை அடைகாப்பதில் காட்டுவதில்லை. ஆதலின் வாத்து முட்டைகளைக் கோழியின்கீழ் வைப்பது நம்மவரின் பழைய வழக்கம். கோழியின் தாயன்பு உலகறிந்தது. எருசலேமுக்காக இரங்கிய நம் ஆண்டவர், குஞ்சுகளைச் சிறகின்கீழ்க் கூட்டிச் சேர்க்கும் கோழியையே தமக்கு உவமையாகக் கொண்டார் என்பதைச் சுவிசேஷம் வாசிப்போர் அறிவர். அவ்வன்பு வாத்தின் முட்டை, தன் முட்டை என்று வேறுபாடு பாராட்டுவதில்லை.

எனினும் இங்கே ஒரு கணக்கை மறத்தலாகாது. கோழி முட்டை பொரிய 21 நாள் செல்லும். வாத்து முட்டை பொரிய 28 நாள் செல்லும். மஸ்கோவி முட்டைக்கோ 35 நாள் வேண்டும். இருவகை முட்டைகளையும் ஒரே நாளில் ஒரே கோழியின்கீழ் வைத்தால், 21-ஆம் நாளில் கோழிக்குஞ்சுகள் வெளிவந்ததும் தாய் அவற்றை அழைத்துக்கொண்டு அடையைவிட்டு எழும். உள்ளே உயிரோடிருக்கும் வாத்துக்குஞ்சுகள் குளிர்ந்து மாளும். இரண்டையும் ஒருங்கே பெற விரும்புவோர் வாத்து முட்டைகளை முதலில் வைத்து, ஏழு நாள் கழித்துக் கோழி முட்டைகளைச் சேர்த்தல் வேண்டும். எம் அனுபவத்தில் வாத்து முட்டைகளை மட்டும் தனியே வைப்பதே சிறந்தது. அவை பெரியவையாதலின், பத்துப் பன்னிரண்டு கோழி முட்டைகளைக் காக்கும் கோழிக்கு ஏழெட்டு வாத்து முட்டைகளே போதும். தாய்வாத்து ஈரமுள்ள இறகுடன் வந்தமர்வது போலக் கோழி அமர்வதில்லை. ஆகையால் பிற்பகுதி நாள்களில் வெதுவெதுப்பான நீரைச் சிறிது முட்டைகள்மேல் தெளித்தல் நன்று. ஒரு வாரம் அதிகமாக அமரும் அக்கோழிக்குத் தீனியும் தண்ணீரும் அருகிலேயே வைத்தல் வேண்டும். இன்றேல் அது மெலிந்து அடையைக் கைவிடும்.

பொரித்த குஞ்சுகள் தாம் முதலிற் கண்ட கோழியையே தாயாகக் கொண்டு பின்தொடரும். அங்ஙனம் மனத்திற் பதியும் இயல்பை ஆஸ்திரிய விலங்கியல் அறிஞர் கொன்ராட் லோரன்ஸ் 1935-ஆம் ஆண்டில் விரித்தெழுதினார். குட்டையைக் கண்டதும் குஞ்சுகள் உள்ளே பாய்வதும், தாய்க்கோழி கரையிலே கதறி ஓடுவதும் நகைப்பும் இரக்கமும் ஒருங்கே தரும் காட்சி. ஆனால் அக்கோழியின் அச்சத்திலும் ஓர் உண்மை உண்டு. மெல்லிய தூவி மட்டுமே போர்த்த இளங்குஞ்சு, நெடுநேரம் நீரிலிருந்தால் நனைந்து விறைத்து இறக்கக்கூடும். இறகு முளைக்கும்வரை அவற்றைப் பெருநீரில் விடாமலிருப்பதே முறை.

தீனி

இனி எம் குஞ்சுகளின் காலை வளைத்தது யாது என்பதைக் கூறுவோம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஜாவாத் தீவின் பட்டேவியாவில் (இன்றைய ஜகார்த்தாவில்), டச்சு மருத்துவர் கிறிஸ்தியான் ஐக்மன் என்பவர் பெரிபெரி நோயின் காரணத்தை ஆராய்ந்து வந்தார். அவர் கூடத்துக் கோழிகள் கால் தளர்ந்து விழத் தொடங்கின; சில மாதங்களுக்குப்பின் தாமே தேறின. வினவியபோது, அவை நோயுற்ற காலத்தில் இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளரிசிச் சோற்றையே தின்றன என்பதும், புதிதாக வந்த சமையற்காரர் அதைக் கொடுக்க மறுத்தபின் தீட்டாத அரிசி தின்று தேறின என்பதும் வெளியாயின. தவிட்டோடு போகும் ஏதோ ஒரு பொருள் உயிருக்கு இன்றியமையாதது என்பதை அவருடைய உடன் ஆராய்ச்சியாளர் கிரைன்ஸ் 1901-ஆம் ஆண்டில் தெளிவாக்கினார். ஐக்மன் 1929-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். ஜீவசத்து என்னும் பேருண்மைக்கு இங்ஙனம் ஒரு கோழிக்கூடு வழிகாட்டிற்று.

அவ்வரிசையில் உள்ள மற்றொரு ஜீவசத்து நியாசின். அஃது உணவில் இல்லாமையே நாய்களுக்கு வரும் கருநாக்கு நோய்க்குக் காரணம் என்பதை 1937-ஆம் ஆண்டில் அமெரிக்கரான எல்விஜெம் கண்டறிந்தார். இச்சத்து கோழியைக் காட்டிலும் வாத்துக்கு மிகுதியாக வேண்டும். 1994-ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் வெளியிட்ட அட்டவணையில் கோழிக்குஞ்சுக்குக் கிலோ தீவனத்தில் 27 முதல் 35 மில்லிகிராமும், வாத்துக்குஞ்சுக்கு 55 மில்லிகிராமும் வேண்டுமெனக் குறிக்கப்பட்டுள்ளது. புரதத்தின் ஒரு பகுதியை நியாசினாக மாற்றிக்கொள்ளும் ஆற்றல் வாத்துக்குக் குறைவு என்பதே காரணம். வெள்ளரிசியில் இச்சத்து மிகச் சிறிது. எம் கோழிக்குஞ்சுகள் குப்பையைக் கிளறிக் கறையானும் புழுவும் தின்று குறையைத் தாமே நிரப்பிக்கொண்டன. வேலியிட்ட சிறு இடத்தில் அடைபட்டிருந்த வாத்துக்குஞ்சுகளுக்கு அவ்வாய்ப்பில்லை. தவறு எம்முடையது.

இக்குறைக்குப் பரிகாரம் எளிது. தீவனத்தோடு உலர்ந்த ஈஸ்டுத் தூளைச் சிறிது கலக்கலாம். உப்பிடாத உலர்மீன் தூள் சேர்க்கலாம். நத்தை, மண்புழு, கறையான் முதலியவற்றைத் தேடித் தின்ன விடலாம். கால் வளையத் தொடங்கிய முதல் நாள்களில் கொடுத்தால் பெரும்பாலும் தேறும். முற்றியபின் கொடுத்துப் பயனில்லை. கடையில் கிடைக்கும் கோழிக்குஞ்சுத் தீவனத்தையே கொடுக்க நேர்ந்தால், மருந்து கலவாததைக் கேட்டு வாங்குதல் வேண்டும். அம்மருந்து கோழிக்குஞ்சின் அளவுக்காகக் கலந்தது. வாத்துக்குஞ்சோ மிகுதியாகத் தின்பது.

இங்கே கடலைப் புண்ணாக்கைப்பற்றி ஓர் எச்சரிக்கை கூறுதல் கடமை. கடலையில் நியாசின் நிரம்ப உண்டு. ஆனால் ஈரம் பட்டுப் பூசணம் பூத்த புண்ணாக்கு வாத்துக்கு நஞ்சு. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மாண்டன, வாத்துக்குஞ்சுகளும் மாண்டன. பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த ஒரு பூசணம் உண்டாக்கிய நஞ்சே காரணமெனப் பின்னர்த் தெளிந்தது. அதற்கு அஃப்ளடாக்ஸின் என்று பெயரிட்டனர். அந்நஞ்சு உணவில் உண்டா என்று சோதிக்க விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்த பறவை வாத்துக்குஞ்சே. ஏனெனில் மிகச் சிறிய அளவும் அதனைத் தாக்கும். ஆகையால் கோழி தின்று பிழைத்தது என்பதை நம்பிப் பூத்த புண்ணாக்கையோ, பூத்த சோளத்தையோ வாத்துக்கு இடுதல் ஒருபோதும் ஆகாது. மழைக்காலத்தில் தீவனத்தை மண்ணில் படாமல் பலகைமேல் வைத்துக் காத்தல் வேண்டும்.

தண்ணீர்

வாத்தையும் கோழியையும் ஒருங்கே வளர்ப்போர்க்குத் தினந்தோறும் தொல்லை தருவது தண்ணீரே. வாத்து தீனியை நீரோடு கலந்தே விழுங்கும். உலர்ந்த மாவுத் தீனி மட்டும் இட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அன்றியும், மூக்குத் துளையும் கண்ணும் தூய்மையாகத் தலை முழுகும் ஆழம் அதற்கு வேண்டும். நீந்துவதற்குக் குளம் இருப்பின் நன்று. இல்லாவிடினும் வாத்து வாழும். தலை முழுகும் பாத்திரமின்றி மட்டும் வைத்திருத்தல் கூடாது.

அதே ஆழம் கோழிக்குஞ்சுக்கு எமனாகும். ஒரு சாண் நீரில் விழுந்த குஞ்சு ஏற வழியின்றி மூழ்கும். மேலும் வாத்து அலகில் அள்ளிய நீரைச் சுற்றிலும் சிந்தித் தரையைச் சேறாக்கும். கோழிக்குஞ்சுகளுக்கு வரும் இரத்தக் கழிச்சல் நோயின் கிருமி, ஈரமும் வெப்பமும் உள்ள எச்சத்திலேயே முதிர்ந்து பிறவற்றைப் பற்றும். வாத்தின் விளையாட்டு கோழிக்குஞ்சின் மரணமாவது இங்ஙனமே.

யாம் கைக்கொண்ட முறை பின்வருமாறு. கொல்லையின் தாழ்ந்த மூலையில், வாழைகளின் அருகே, ஒரு குழி தோண்டிக் கூழாங்கல்லும் மணலும் நிரப்பி, அதன்மேல் வாத்துக்குரிய தொட்டியை வைத்தோம். சிந்தும் நீர் மணலில் இறங்கி வாழைக்குப் பாய்கின்றது. தொட்டிக்குள் ஒரு பக்கத்தில் செங்கற்களைப் படியாக அடுக்கினோம். தவறி விழும் குஞ்சு அதன்மேல் ஏறிவிடும். கோழிக்கான தண்ணீர்ச் சட்டி கொல்லையின் மேட்டுப் புறத்தில், வாத்தின் அலகுக்கு எட்டாதபடி உயர்ந்த கல்லின்மேல் இருக்கின்றது. இளங்குஞ்சுகளுக்குப் பஞ்சாரத்தின்கீழ் ஆழமற்ற தட்டில் நீர் வைக்கிறோம். மாலைதோறும் தொட்டியைக் கவிழ்த்துவிடுவதால் கொசு பெருகுவதுமில்லை.

படுக்கை

அந்தி வந்ததும் கோழி தானே கூடு தேடி வந்து உயர்ந்த கழியின்மேல் ஏறிக்கொள்ளும். வாத்துக்கு அவ்வழக்கமில்லை, ஓட்டிக்கொண்டு வந்து அடைக்க வேண்டும். வெளியில் விட்டால் கீரிக்கும் நாய்க்கும் இரையாகும். கிளையேறித் தப்பும் வலிமை அதற்கில்லை. ஓட்டுவது கடினமன்று, முன்னே ஒன்று திரும்பினால் பின்னே யாவும் வரிசையாக வரும். பிடிக்க நேர்ந்தால் காலைப் பற்றித் தூக்குதல் ஆகாது. கோழியின் கால் தாங்கும் பாரத்தை வாத்தின் கால் தாங்காது; உடலை இருகையாலும் அணைத்தே எடுத்தல் வேண்டும்.

இரண்டையும் ஒரே கூட்டில் அடைத்தால், கழிமேலிருக்கும் கோழியின் எச்சம் கீழே படுத்திருக்கும் வாத்தின் முதுகில் விழும். வாத்தின் ஈரத்தால் எழும் காரநெடி மேலேயிருக்கும் கோழியின் மூச்சைக் கெடுக்கும். ஆதலின் ஒரே கூரையின்கீழ் நடுவே தட்டியொன்று நிறுத்தி, இரண்டு அறையும் இரண்டு கதவும் வைத்தோம். கோழி ஒன்றுக்கு 2 சதுர அடியும், வாத்து ஒன்றுக்கு 4 சதுர அடியும் கணக்கிட்டோம். கூரையை ஒட்டிக் காற்றுச் செல்ல இடைவெளி விட்டு, எலியும் கீரியும் நுழையாதபடி வலையடித்தோம். வாத்தின் அறையில் உமியோ வைக்கோலோ பரப்பி, நனைந்ததை அவ்வப்போது மாற்றுகிறோம். நனைந்த அவ்வுமியே பின்னர் எருவாகின்றது. இரவில் வாத்துக்குத் தண்ணீர் வையாவிடின் தீனியும் வையாமலிருத்தல் வேண்டும்.

கதவுகள் இரண்டாக இருப்பதில் வேறொரு நன்மையும் உண்டு. கோழி பகலில் முட்டையிடும். வாத்து பெரும்பாலும் விடியுமுன்னும் காலையிலும் இட்டுவிடும். கோழியை விடியலில் திறந்துவிட்டு, வாத்தை ஒன்பது மணி வரையில் அடைத்து வைத்தால் முட்டை நம் கையில் கிடைக்கும். முன்னரே திறந்துவிட்டால் குட்டையிலும் புதரிலும் போய்விடும். தரையில் இடப்படும் வாத்து முட்டையில் அழுக்குப் படிவது எளிது. அதனை அரைவேக்காடாக உண்ணாமல் நன்கு வேகவைத்தே உண்ணுதல் நலம்.

ஆண்பறவைகள்

பலர் கூறக் கூசும் ஒன்றை இங்கே வெளிப்படையாகக் கூறுகிறோம்; ஏனெனில் கூறாமையால் கோழிகள் மாள்கின்றன. சேவலுக்குப் புறத்தே நீளும் புணர்ச்சியுறுப்பு இல்லை. ஆண் வாத்துக்கு உண்டு. பெட்டைக்கோழியின் உடலமைப்பு அதற்கு ஏற்றதன்று. பெண் வாத்துகள் போதாத கொல்லையில் ஆண் வாத்து கோழிகளைத் துரத்திப் பிடிக்கும். உட்புறம் கிழிந்து, குடல் சரிந்து கோழி இறத்தலும் உண்டு. காரணம் அறியாதவர் நோயென்று எண்ணுவர். சேவல் பெண் வாத்தைத் துரத்தினால் நகமும் முள்ளும் பட்டு முதுகு புண்ணாகும். கோழியும் வாத்தும் உயிரியல் வகுப்பில் வெவ்வேறு வரிசையைச் சேர்ந்தவையாதலின் இச்சேர்க்கையால் குஞ்சும் பிறவாது.

ஓர் ஆண் வாத்துக்கு ஐந்தாறு பெண் வாத்துகளும், ஒரு சேவலுக்குப் பத்துப் பெட்டைகளும் இருத்தல் முறை. இளமை முதல் கோழிகளோடு மட்டுமே வளர்ந்த ஆண் வாத்தைக் கோழிக் கூட்டத்தில் வைத்தலே ஆகாது. முட்டை மட்டும் போதுமென்பார்க்கு ஆண்பறவையே வேண்டுவதில்லை. ஆணின்றியும் பெட்டை முட்டையிடும் என்பதைப் படித்தவர்களுள்ளும் பலர் அறியார். குஞ்சு வேண்டும்போது மட்டும் முட்டையை வெளியிலிருந்து வாங்கி அடைவைக்கலாம்.

நோய்க்காவல்

இதுவரை கூறிய குறைகள் ஒரு கொல்லையோடு நிற்பன. இனிக் கூறுவது ஊரையே பாதிப்பது. சில நோய்கள் கோழிக்கே உரியன. சில வாத்துக்கே உரியன. சில இரண்டையும் பற்றுவன. இவையெல்லாவற்றினும் கொடிது, வாத்து சுமந்து திரிந்து கோழி மாளும் நோய்.

நம்மவர் வெள்ளைக் கழிச்சல் என்பது, 1926-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரருகே அறியப்பட்டு, அதையடுத்து நம் நாட்டில் ராணிக்கேத் என்னும் ஊரில் அறியப்பட்டமையால் அவ்விரு பெயராலும் வழங்கும் நோய். கோடையில் ஓர் ஊர்க் கோழிகளை ஒருசேர வாரிச் செல்வது இதுவே. இக்கிருமியை வாத்து பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். தாங்கிக்கொண்டே பரப்பவும் கூடும். வாத்துக் கொள்ளைநோய் இதற்கு மறுதலை. 1923-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டில் முதன்முதல் விவரிக்கப்பட்ட அந்நோய் வாத்தைக் கொல்லும், கோழியைத் தீண்டாது. கோழிக் காலரா இரண்டையும் பற்றும். லூயி பாஸ்டர் 1880-ஆம் ஆண்டை ஒட்டிய ஆராய்ச்சிகளில் இதன் கிருமியை வலிமை குன்றச் செய்து கோழிகளுக்குச் செலுத்திக் காப்பளித்தது தடுப்பூசி வரலாற்றில் ஒரு பெரிய திருப்பமாகும்.

பறவைக் காய்ச்சலோ மனிதரையும் பற்ற வல்லது. 1997-ஆம் ஆண்டில் ஹாங்காங்கில் 18 பேரைப் பற்றி அவர்களுள் 6 பேரைக் கொன்றது. இந்தியாவில் 2006-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மகாராஷ்டிர மாநிலத்து நவாப்பூரில் கோழிகளிடையே முதன்முதல் காணப்பட்டது. 2014-ஆம் ஆண்டு நவம்பரில் கேரளத்துக் குட்டநாட்டில் வாத்து மந்தைகளில் பரவி, அவற்றை நம்பி வாழ்ந்த குடும்பங்களைக் கலங்கச் செய்தது. இக்கிருமியின் சில வகைகள் வாத்தின் உடலில் எவ்வித அடையாளமும் காட்டாமல் தங்கி, எச்சத்தின் வழியே வெளிவரும். கோழிக்குப் பற்றினால் ஓரிரு நாளில் கூட்டமே மாளும். வலசை வரும் காட்டுவாத்துகள் இறங்கும் ஏரியில் நம் வாத்துகளை மேயவிட்டு, மாலையில் கோழிகளோடு அடைப்பதன் அபாயம் இதனால் விளங்கும்.

செய்ய வேண்டுவன அரியவையல்ல. சந்தையிலோ மேய்ச்சல் மந்தையிலோ வாங்கிய பறவையை மூன்று வாரமேனும் தனியே வைத்துப் பார்த்தபின்னரே சேர்க்க வேண்டும். கோழிக்கும் வாத்துக்கும் உரிய தடுப்பூசிகளை அரசாங்கக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு உரிய காலத்தில் போடுதல் வேண்டும். பறவைகள் ஒருங்கே மாளின் வெறுங்கையால் தொடாமலும், விற்காமலும், வாய்க்காலில் எறியாமலும், உடனே மருந்தகத்திற்கு அறிவித்தல் வேண்டும். மறைப்பவர் தம் சில கோழிகளின் விலையைக் காக்க எண்ணி அயலார் அனைவரின் கோழிகளையும் இழப்பிக்கின்றார். கூட்டைக் கூட்டியபின் கையைச் சவுக்காரமிட்டுக் கழுவுதல் நாள்தோறும் செய்ய வேண்டிய கடமை.

பயன்

இத்தனை தொல்லையுடன் இரண்டையும் ஏன் சேர்த்து வளர்த்தல் வேண்டும் என்று வினவலாம். காரணம் உண்டு. மழை பெய்யும் நாளில் கோழி கூரையின்கீழ் ஒடுங்கும்; வாத்து அப்போதுதான் உற்சாகமாக இரைதேடும். கோழி தோட்டத்து உலர்நிலத்தின் பூச்சியை உண்ணும். வாத்து ஈரநிலத்து நத்தையை உண்ணும். ஒன்று விடுவதை மற்றொன்று பயன்படுத்துகின்றது. நாட்டுக்கோழி சில முட்டைகள் இட்டதும் அடைக்கு அமர்ந்துவிடும். அந்நாளிலும் வாத்து முட்டை தரும். அதன் முட்டை பெரிதுமாகும். வாத்துக்கு இல்லாத அடைகாக்கும் பொறுமையைக் கோழி தருகின்றது. ஒன்றன் குறையை மற்றொன்று நிறைப்பதே இக்கூட்டு வாழ்வின் நயம்.

இன்று எம் கொல்லையில் ஒன்பது பெட்டைக்கோழிகளும், ஒரு சேவலும், ஐந்து பெண் வாத்துகளும் உள்ளன. அன்று கால் வளைந்து தேறிய இரண்டனுள் ஒன்று இன்னும் அவற்றோடு இருக்கின்றது. அது சற்றே சாய்ந்து நடக்கும். வரிசையில் எப்போதும் கடைசியாகவே வரும். அதனைக் காணும்போதெல்லாம், அன்போடு வளர்த்தோம் என்பது மட்டும் அக்குஞ்சுகளுக்குப் போதவில்லை என்பதை நினைக்கின்றோம். அன்பில் யாதொரு குறையும் வைத்திலோம். வாத்து கோழியன்று என்னும் அறிவே எம்மிடம் குறைந்திருந்தது.

விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர்கள் தத்தம் வீட்டுக் கொல்லையை ஒருமுறை கண்ணுற்றுப் பார்ப்பார்களாக. தண்ணீர்த் தொட்டி எங்கேயிருக்கின்றது, புண்ணாக்கில் பூசணம் உண்டா, இரவில் எது எதன்கீழ் உறங்குகின்றது என்று கவனிப்பார்களாக. தட்டியொன்று கட்டுதற்கும், தொட்டியில் நான்கு செங்கல் அடுக்குதற்கும் ஒரு நாள் போதும். அவ்வொரு நாள் உழைப்பால் தாயின் கைம்முதல் காக்கப்படுமாயின், கல்லூரியிற் கற்ற கல்வி வீட்டிற்குப் பயன்பட்டதென்று கொள்ளலாம்.